பீப்பாய்க்கு முன்பே முடிவாகும் திருப்பம்: பேரல் ரேசிங் பழகுபவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

குதிரை பீப்பாயைத் தட்டிவிடுகிறது, அல்லது திருப்பத்தில் அகலமாக ஓடிப்போகிறது. மூன்று பீப்பாய்களைக் குதிரையில் வேகமாகச் சுற்றி வரும் போட்டியான பேரல் ரேசிங்கில் புதிதாக இறங்கியவர்கள் இதைக் கண்டதும் அந்தத் திருப்பத்தையே திருத்தப் பார்ப்பார்கள். கடிவாள வாரை இன்னும் பலமாக இழுப்பார்கள், வாயில் இருக்கும் இரும்பைக் கடுமையான ஒன்றாக மாற்றுவார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. பீப்பாய்க்கு இருபது, முப்பது அடி முன்பு குதிரை எந்தக் கோட்டில் வந்தது, எந்தக் காலை முன்வைத்து வந்தது, உடம்பை எப்படிப் பிடித்திருந்தது என்பதில்தான் இருக்கும். அந்த முப்பது அடி சரியாக அமைந்துவிட்டால் திருப்பம் பெரும்பாலும் தானே வந்துவிடும். அது கெட்டுப்போனால், பீப்பாயின் பக்கத்தில் நீங்கள் என்ன செய்தாலும் சமாளிப்பு மட்டும்தான்.

களமும் கணக்கும்

குதிரை, மாடு மேய்ப்பவர்களின் திறமைகளைக் காட்டும் போட்டி விழாவான அமெரிக்க ரோடியோவில் வளர்ந்த போட்டி இது. 1948-இல் டெக்சாஸின் சான் ஏஞ்சலோவில் பெண்கள் சேர்ந்து கேர்ல்ஸ் ரோடியோ அசோசியேஷனைத் தொடங்கினார்கள். 1981-இல் அதன் பெயர் விமென்ஸ் புரொஃபஷனல் ரோடியோ அசோசியேஷன் என்று மாறியது. சுருக்கமாக டபிள்யூ.பி.ஆர்.ஏ. அந்த அமைப்பின் நிலையான களத்தில் 55 காலன் கொள்ளளவுள்ள மூன்று இரும்புப் பீப்பாய்கள் முக்கோணமாக நிற்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 அடி உயரம், 2 அடி குறுக்களவு. முதல் இரண்டுக்கும் நடுவே 90 அடி. அந்த இரண்டிலிருந்தும் கடைசியில் நிற்கும் மூன்றாவதற்குத் தலா 105 அடி. நேரம் தொடங்கி முடியும் கோட்டிலிருந்து முதல் இரண்டு பீப்பாய்களுக்கு 60 அடி. மைதானம் சிறியதாக இருந்தால் அளவுகளும் சுருங்கும்.

குதிரை மூன்றையும் சுற்றிவிட்டு வாசலை நோக்கி நேராகப் பாய வேண்டும். வலப்பக்கப் பீப்பாயில் தொடங்கினால் ஒரு வலத் திருப்பமும் இரண்டு இடத் திருப்பங்களும் வரும். இடப்பக்கத்தில் தொடங்கினால் இது தலைகீழாகும். இரண்டுமே அனுமதிக்கப்பட்டவை. வலப்பக்கத்தில் தொடங்குபவர்களே அதிகம் என்பதால் இனி அப்படியே வைத்துச் சொல்கிறோம். ஒரு பீப்பாய் விழுந்தால் 5 விநாடி கூடும். சில அமைப்புகளில் அந்த ஓட்டமே கணக்கில் சேராது.

ஏன் திருப்பத்தைப் பற்றி இவ்வளவு பேச்சு என்றால், ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். கோட்டின் நடுவிலிருந்து முதல் பீப்பாய்க்கு நேர்த்தூரம் 75 அடி. பிறகு 90, பிறகு 105, திரும்பி வர ஏறத்தாழ 155. மொத்தம் 425 அடி. இந்தக் களத்தில் 17 விநாடியை ஒட்டி ஓடினால் அது நல்ல ஓட்டம். அதாவது சராசரியாக விநாடிக்கு 25 அடி, திருப்பத்தில் அதைவிடக் குறைவு. இப்போது திருப்பத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பீப்பாயிலும் குதிரை அரைவட்டத்தைத் தாண்டித் திரும்புகிறது. முதலாவதில் சுமார் 233 பாகை, இரண்டாவதில் 245, மூன்றாவதில் 205. இவ்வளவு பெரிய வில்லில் ஓர் அடி அகலமாகப் போனால் ஓட வேண்டிய தூரம் சுமார் 4 அடி கூடும். விநாடிக்கு 20 அடி வேகத்தில் அது 0.2 விநாடி. மூன்று பீப்பாய்களிலும் ஒவ்வோர் அடி அகலம் என்றால் அரை விநாடிக்கு மேல் போய்விடும். நேஷனல் பேரல் ஹார்ஸ் அசோசியேஷன் போன்ற அமைப்புகள் ஓட்டங்களை வேகப் பிரிவுகளாகப் பிரிக்கும்போது முதல் பிரிவுக்கும் இரண்டாவதற்கும் வைக்கும் இடைவெளியே அரை விநாடிதான். நேர்க்கோட்டில் இன்னும் வேகமாக ஓடி அந்த அரை விநாடியை மீட்பது மிகக் கடினம்.

குதிரையின் உடம்பில் என்ன நடக்கிறது

சும்மா நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்கள் தாங்குகின்றன. தலையும் கழுத்தும் முன்னால் நீண்டிருப்பதே காரணம். முழுப் பாய்ச்சலில் வரும் குதிரை தன் வேகத்தையும் முன்பக்கமாகவே தள்ளிக்கொண்டு வருகிறது. அப்படியே திரும்பினால் முன்தோள் உள்பக்கம் சரியும், பின்பகுதி வெளியே வழுக்கும். நன்றாகத் திரும்பும் குதிரை திருப்பத்துக்கு முன்பே பின்னங்கால்களை வயிற்றுக்கு அடியில் கொண்டுவந்து, எடையைப் பின்னுக்கு வாங்கி, முன்தோளைத் தூக்கிக்கொள்ளும். அதன் பிறகு முன்பகுதி லேசாகிவிடும், பின்கால்கள் அதைச் சுழற்றித் தள்ளும்.

இந்த எடை மாற்றம் நொடியில் நடப்பதில்லை. பாய்ச்சலை நீளத்திலிருந்து குட்டையாக்க ஒன்றிரண்டு தாவலாவது வேண்டும். இப்படி வேகத்தைக் கொன்றுவிடாமல் தாவலைச் சுருக்கிக்கொள்வதைத்தான் ரேட் என்கிறார்கள். நிற்பது வேறு, ரேட் வேறு. ரேட் செய்யும் குதிரையின் பின்னங்கால்கள் உழைத்துக்கொண்டே இருக்கும், முதுகு சற்று வளைந்து உயரும். வாயைத் திறந்து தலையைத் தூக்கி, முன்கால்களை ஊன்றி வேகத்தைக் குறைக்கும் குதிரை ரேட் செய்யவில்லை. வலிக்கும் வாயிலிருந்து தப்பப் பார்க்கிறது. அந்த நிலையிலிருந்து நல்ல திருப்பம் வரவே வராது.

இன்னொன்று லீட். பாய்ச்சலில் எந்தப் பக்கத்து முன்காலும் பின்காலும் முந்திப் போகின்றனவோ அந்தப் பக்கத்து லீட் என்று சொல்வார்கள். வலப்பக்கம் திரும்ப வலது லீட், இடப்பக்கம் திரும்ப இடது லீட். முன்காலில் ஒன்றும் பின்காலில் வேறொன்றுமாக வந்தால் குதிரையின் உடம்பு முறுக்கிக்கொள்ளும், பின்பகுதி திருப்பத்தோடு சேராமல் வெளியே போய்விடும். முதல் பீப்பாயிலிருந்து இரண்டாவதற்குப் போகும் வழியில் வலது லீட்டிலிருந்து இடதுக்கு மாற வேண்டியிருக்கிறது. மாற்றம் அந்தப் பாதையின் நடுவிலேயே முடிந்துவிட வேண்டும். பீப்பாய் வந்த பிறகு மாற்றினால் ரேட் செய்ய நேரம் இருக்காது.

பாக்கெட் என்றால் என்ன

பீப்பாய்க்கும் அதைக் கடக்கும் குதிரைக்கும் நடுவே விடும் இடத்துக்குத்தான் பாக்கெட் என்று பெயர். குதிரையின் உடல் வளைந்து திரும்ப அந்த இடம் வேண்டும். உள்ளே வரும்போது 4 முதல் 6 அடி பொதுவான அளவு. வெளியேறும்போது 3 அடி அளவுக்குக் குறையலாம். அதாவது வருகை அகலம், வெளியேற்றம் நெருக்கம். புதியவர்களின் குதிரைகளிடம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு நடக்கும். பீப்பாயை உரசிக்கொண்டு உள்ளே வந்து, இடம் போதாமல் பின்புறத்தில் பத்தடி அகலத்துக்குச் சிதறிப் போகும். பார்வைக்கு நெருக்கமாக வருவதுபோல் தெரிந்தாலும் கடிகாரத்தில் அது தோல்விதான்.

குதிரைக்குக் குதிரை பாக்கெட் மாறும். உடம்பு குட்டையாக இருந்து, விலா நன்றாக வளைகிற குதிரைக்கு 4 அடி போதும். நீளமான, பெரிய தாவல் உள்ள குதிரைக்கு 6 அடியும் சில சமயம் சற்று அதிகமும் வேண்டும். உங்கள் குதிரைக்கு எவ்வளவு என்பதை லோப் எனப்படும் மெதுவான பாய்ச்சலில் சுற்றிப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். எந்த அளவில் அது விலாவை வளைத்து, நான்கு கால்களையும் ஒரே வில்லில் வைத்து, வேகம் குறையாமல் சுற்றுகிறதோ அதுதான் அதன் பாக்கெட். மற்றவரின் குதிரை மூன்றடியில் திரும்புகிறது என்பதற்காக உங்கள் குதிரையை நெருக்காதீர்கள்.

எங்கே ரேட் தொடங்குவது? பீப்பாய்க்கு ஒன்று அல்லது ஒன்றரைக் குதிரை நீளத்துக்கு முன்னால் குதிரை சுருங்கியிருக்க வேண்டும் என்பது பரவலாகச் சொல்லிக்கொடுக்கும் அளவு. குதிரையின் நீளம் ஏறத்தாழ 8 அடி என்று வைத்தால் 8 முதல் 12 அடி. அந்த இடத்தில் சுருங்கி முடித்திருக்க வேண்டுமானால், உங்கள் சைகை அதற்கு ஒரு தாவல் முன்பே குதிரைக்குப் போயிருக்க வேண்டும். இதிலும் குதிரையின் சுபாவம் முக்கியம். சில குதிரைகள் பீப்பாயைக் கண்டதுமே தாமாகச் சுருங்கிவிடும். அவற்றைப் பீப்பாய் வரை காலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும், நீங்கள் முன்கூட்டியே சேணத்தில் ஆழமாக உட்கார்ந்துவிட்டால் நின்றேவிடும். இன்னும் சில, தள்ளாமலேயே ஓடிக்கொண்டிருக்கும். அவற்றுக்குச் சைகை முன்கூட்டியே வேண்டும். ஒன்றுக்குப் பழகிய கை மற்றதைக் கெடுத்துவிடும் என்பதால், குதிரை மாற்றும்போது முதல் சில வாரம் மெதுவாகவே பழகுவது நல்லது.

சவாரி செய்பவரின் உடம்பு

நேர்க்கோட்டில் இரு கைகளும் வாரில் இருக்கும், உடம்பு சற்று முன்னால் சாய்ந்திருக்கும், எடை அங்கவடியில் இருக்கும். ரேட் இடம் வந்ததும் சேணத்தில் ஆழமாக உட்காருங்கள். குதிகாலைக் கீழே இறக்குங்கள், அடிவயிற்றை உள்ளிழுத்து முதுகைச் சற்று உருட்டுங்கள். பயிற்சி பெற்ற குதிரைக்கு இந்த ஒன்றே போதும். கை அதற்குப் பிறகுதான் வர வேண்டும். கையை முதலில் கொடுத்து உடம்பை அப்புறம் கொடுத்தால், வாயில் வலித்த பிறகே சுருங்க வேண்டும் என்று குதிரை கற்றுக்கொள்ளும்.

உட்கார்ந்ததும் வெளிக்கை சேணத்தின் முன்கொம்புக்குப் போகும். வலத் திருப்பத்தில் இடது கை கொம்பில், வலது கை வாரில். கொம்பை இழுத்துப் பிடித்துத் தொங்காதீர்கள், அதை முன்னால் தள்ளுங்கள். தள்ளினால் உங்கள் இடுப்பு சேணத்துக்குள் அழுந்தும், உடம்பு நடுவில் நிற்கும். இழுத்தால் மேலுடம்பு முன்னால் சரிந்து, உள்பக்கத் தோள் பீப்பாய் மேல் கவிழும். உங்கள் எடை எங்கே போகிறதோ குதிரையின் முன்தோளும் அங்கேயே போகும். பீப்பாய் விழுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

உள்கை தாழ்ந்து, கொம்புக்கு முன்னால் சற்று வெளியே திறந்து இருக்க வேண்டும். மூக்கின் நுனி லேசாக உள்ளே திரும்பி, குதிரையின் உள்பக்கக் கண்ணோரம் உங்களுக்குத் தெரிந்தால் போதும். அதற்கு மேல் வளைத்தால் கழுத்து மட்டும் மடங்கும், தோள் வெளியே நழுவும். வாரைக் கழுத்துக்குக் குறுக்கே மறுபக்கம் இழுத்துக்கொண்டு வருவது பொதுவான தவறு. அது குதிரையின் மூக்கைத் திசைதிருப்பிவிட்டு, தோளைப் பீப்பாய் மேல் எறியும். உள்காலை வயிற்றுவாரின் அருகே மெதுவாக ஒட்டவைத்தால் விலா வளையும், பாக்கெட் நிலைக்கும்.

எப்போது திரும்பச் சொல்வது? உங்கள் முழங்கால் பீப்பாய்க்கு நேரே வரும் வரை காத்திருங்கள். அவசரத்தில் எல்லோரும் மூக்கு பீப்பாயை எட்டும் முன்பே திருப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் குதிரையின் நடு உடம்பும் உங்கள் காலும் இரும்பில் மோதும்.

கண் எங்கே பார்க்கிறது என்பதையும் கவனியுங்கள். பீப்பாயைப் பார்த்தால் பீப்பாய்க்கே போவீர்கள். வரும்போது பாக்கெட்டின் தரையில் ஓர் இடத்தைப் பாருங்கள். அதை அடைந்ததும் பீப்பாயின் பின்புறத்தில் குதிரையின் கால் பட வேண்டிய தரையைப் பாருங்கள். பீப்பாயின் கடைசி விளிம்பைக் கடந்த பிறகே அடுத்த பீப்பாயின் பாக்கெட்டைத் தேடுங்கள்.

மூன்று பீப்பாய்களும் மூன்று வேறு கேள்விகள்

முதல் பீப்பாய்தான் மிகக் கடினமானது. குதிரை முழு வேகத்தில் வருவதும், கூட்டமும் வாசலும் அதன் இரத்தத்தைக் கிளப்பிவிடுவதும் இங்கேதான். இங்கே தவறினால் மற்ற இரண்டுக்கும் கோடு கெட்டுவிடும். வாசலிலிருந்து பீப்பாயை நோக்கி வராமல், அதற்கு இடப்பக்கம் 4 முதல் 6 அடி தள்ளி ஒரு புள்ளியை வைத்து நேராக வாருங்கள். வாசலுக்குள் நுழையும் முன்பே குதிரையை அந்தப் புள்ளிக்கு நேராக்கி, வலது லீட்டில் எடுத்திருக்க வேண்டும். மைதானத்துக்குள் வந்த பிறகு கோட்டைத் திருத்த முயன்றால் குதிரை பாம்புபோல் நெளிந்து வரும், ரேட் செய்ய நேரான உடம்பு கிடைக்காது.

இரண்டாவது பீப்பாயில் ஏமாந்துபோகிறவர்கள் ஏராளம். முதலாவதைச் சுற்றி வாசல் பக்கமாக வெளியே வருகிறீர்கள். ஆனால் இரண்டாவதை இடப்பக்கம் திரும்பிச் சுற்ற வேண்டுமென்றால் அதன் மறுபக்கத்தில், மூன்றாவது பீப்பாய் இருக்கும் பக்கத்தில் போய்ச் சேர வேண்டும். அப்படியானால் இரண்டு பீப்பாய்களையும் இணைக்கும் கற்பனைக் கோட்டை வழியில் ஓரிடத்தில் கடந்தே ஆக வேண்டும். இதை யோசிக்காமல் முதலாவதிலிருந்து இரண்டாவதை நேராகப் பார்த்து ஓட்டினால், பாக்கெட்டே இல்லாமல் பீப்பாயின் முகத்தில் போய் நிற்பீர்கள். வெளியேறும்போதே இரண்டாவது பீப்பாய்க்கு 5 அடி அப்பால், மூன்றாவதன் பக்கமாக உள்ள தரையைக் குறிவையுங்கள். லீட் மாற்றமும் அந்தக் கடக்கும் இடத்திலேயே நடக்கட்டும். 90 அடி மட்டுமே இருப்பதால் இங்கே குதிரை உச்ச வேகத்தை எட்டாது, ஆகவே பலமான ரேட் தேவையில்லை. மிக இறுக்கமான திருப்பமும் இதுதான் என்பதால் பொறுமை அதிகம் வேண்டும்.

மூன்றாவதற்கு வருகை எளிது. லீட் மாற்றம் இல்லை, குறுக்கே கடப்பதும் இல்லை, வந்த பக்கத்திலேயே நேராகப் போனால் போதும். அதனாலேயே குதிரை முந்திக்கொள்ளும். திருப்பம் தெரிந்துபோனதால் பீப்பாய்க்கு முன்பே இடப்பக்கம் சாயத் தொடங்கும். இடது காலால் அதைப் பாக்கெட்டில் நிறுத்திக்கொண்டே போங்கள். திரும்பி முடிக்கும் முன் வீட்டை நோக்கி ஓட நினைக்கும் குதிரைகளும் உண்டு. முகம் வாசலுக்கு நேரே வந்த பிறகு இரு கைகளையும் வாருக்குக் கொண்டுவந்து குதிரையை ஓடவிடுங்கள்.

எங்கே இடித்தது என்று பாருங்கள்

பீப்பாய் விழுந்தால் கோபப்படாமல் அது எந்த இடத்தில் இடிபட்டது என்று பாருங்கள். தவறு எப்போது நடந்தது என்பதை அதுவே காட்டிவிடும்.

வரும் பக்கத்தில், உங்கள் முழங்காலோ அங்கவடியோ இடித்திருந்தால் சீக்கிரம் திரும்பியிருக்கிறீர்கள், அல்லது பாக்கெட் இல்லாமலே வந்திருக்கிறீர்கள். பீப்பாயின் பின்புறத்தில் இடித்தால் குதிரை முன்னேறும் வேகத்தை இழந்து உள்ளே விழுந்திருக்கிறது. வாரை அதிகம் இழுத்து அதன் கால்களை நிறுத்திவிட்டதே பெரும்பாலும் காரணம். அங்கே கையைத் தளர்த்தி காலைக் கொடுத்திருக்க வேண்டும். வெளியேறும்போது குதிரையின் பின்பகுதி இடித்தால், அடுத்த பீப்பாயைச் சீக்கிரமே பார்த்து இழுத்திருக்கிறீர்கள். திருப்பம் முடியவில்லை, முன்பகுதி போய்விட்டது, பின்பகுதி இரும்பைத் துடைத்துக்கொண்டு வந்திருக்கிறது.

பீப்பாய் விழாமல் குதிரை நேராக ஓடிக் கடந்துவிடுவது வேறு வகை. ரேட் இல்லை, அல்லது உங்கள் சைகை தாமதம், அல்லது மண் வழுக்குகிறது. முன்பு நன்றாகத் திரும்பிய குதிரை திடீரென ஒரே பக்கத்தில் மட்டும் ஓடிப்போகத் தொடங்கினால் பயிற்சியை நிறுத்திவிட்டு வலியைத் தேடுங்கள். பின்கால்களின் நடு மூட்டு, முன்குளம்பு, முதுகு, பல், வயிற்றுப்புண், சரியாகப் பொருந்தாத சேணம், இவை எல்லாமே ‘அடம்’ என்று தவறாகப் பெயர் வாங்குபவை. எடை முழுவதையும் பின்கால்களில் வாங்கும் வேலை என்பதால் நடு மூட்டுகளில் தேய்மானம் வருவது இந்தக் குதிரைகளிடம் சகஜம். கால்நடை மருத்துவர் பார்க்காமல் அந்தக் குதிரையை அடிப்பதோ கடுமையான இரும்பு போடுவதோ கொடுமை. பலனும் கிடைக்காது.

மெதுவாகப் பழக்கும் பயிற்சிகள்

வேகத்தில் தவறைத் திருத்த முடியாது. நடையில் சரியாக வராதது ட்ராட் எனப்படும் துள்ளோட்டத்தில் வராது, ட்ராட்டில் வராதது பாய்ச்சலில் நிச்சயம் வராது. பின்வரும் பயிற்சிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். வேகம் கூட்டுவதற்கு முன் ஒவ்வொன்றும் இரு பக்கமும் சீராக வர வேண்டும்.

முதலில் வட்டம். ஒரே ஒரு பீப்பாயை வையுங்கள். அதன் விளிம்பிலிருந்து 5 அடி தள்ளி நான்கு திசையிலும் நான்கு கூம்புகள். பீப்பாய்க்கும் கூம்புகளுக்கும் நடுவே நடையில் சுற்றுங்கள். கூம்பை மிதித்தால் விலா வளையவில்லை என்று பொருள். பீப்பாய்க்கு அரை அடிக்குள் வந்தால் தோள் சாய்கிறது. இரண்டு சுற்று சரியாக வந்ததும் வெளியே விட்டு ஓய்வு கொடுங்கள். அதற்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்தால் குதிரைக்குச் சலிப்புத் தட்டும்.

அடுத்தது ரேட். ட்ராட்டில் பாக்கெட்டை நோக்கி வந்து, பீப்பாய்க்கு 12 அடி முன்னால் தரையில் போட்ட அடையாளத்தில் ஆழமாக உட்காருங்கள். குதிரை தானாக நடைக்கு இறங்கக் காத்திருங்கள். இறங்காவிட்டால் மட்டும் வாரைத் தொடுங்கள், நிறுத்துங்கள், இரண்டு மூன்று அடி பின்னால் நடத்துங்கள். பிறகு பீப்பாயை நடையில் சுற்றி, ட்ராட்டில் வெளியேறுங்கள். சில நாளில் நீங்கள் உட்கார்ந்ததுமே பின்கால்கள் உள்ளே வருவதை உணர்வீர்கள். பின்னால் நடத்துவதைத் தண்டனையாக்கிவிடாதீர்கள். எடையைப் பின்னுக்கு வாங்கச் சொல்லித்தருவதே அதன் வேலை. தாமாகவே சுருங்கும் குதிரைக்கு இந்தப் பயிற்சியை அதிகம் செய்தால் அது பீப்பாயிலேயே நின்றுவிடும். அதற்குப் பதிலாக அந்தக் குதிரையைப் பீப்பாய்க்கு ஒரு குதிரை நீளம் அப்பால் வரை நேராக ஓட்டிச் சென்று அப்புறம் திருப்புங்கள்.

தோள் சாயும் குதிரைக்கு, சாயத் தொடங்கிய கணத்திலேயே திருப்பத்தை விட்டுவிடுங்கள். உள்காலைக் கொடுத்து, இரு வார்களாலும் தோளைத் தூக்கி, பீப்பாயை விட்டு வெளிப்பக்கமாக இரண்டு மூன்று அடி பக்கவாட்டில் நடத்துங்கள். பிறகு அமைதியாகத் திரும்பி வந்து முடியுங்கள். பீப்பாயை நோக்கிச் சாய்ந்தால் கூடுதல் வேலை, நிமிர்ந்து நின்றால் நிம்மதி என்று அது விரைவில் புரிந்துகொள்ளும். சுருள் வட்டமும் இதற்குத் துணை. 40 அடி குறுக்களவில் லோப்பில் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் குறைத்து 15 அடிக்கு வந்து, உள்காலால் மறுபடி வெளியே தள்ளி 40 அடிக்குப் போங்கள். உள்ளே வருவது எந்தக் குதிரைக்கும் எளிது. வேகம் மாறாமல் வெளியே போக முடிகிறதா என்பதே சோதனை.

முழுக் களத்தையும் முழு வேகத்தில் ஓட்டுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். களம் தெரிந்த குதிரைக்கு வாரத்தில் பெரும்பாலான நாள்கள் பீப்பாய் இல்லாத வேலையே போதும்: நீண்ட ட்ராட், லோப் வட்டங்கள், லீட் மாற்றம், திறந்த வெளியில் நடை. ஒன்றிரண்டு நாள் நடையிலும் ட்ராட்டிலும் களம். வேகத்தைப் போட்டி நாளுக்கு வைத்திருங்கள். தினமும் ஓட்டப்படும் குதிரை பீப்பாயை நினைத்தாலே வியர்க்கத் தொடங்கும், வாசலில் நுழைய மறுக்கும். அந்தப் பயத்தைப் போக்கப் பல மாதம் ஆகும்.

கடிவாளத்தை நம்பி ஓட்டுபவர்கள் ஸ்கேம்பர் என்ற குதிரையை நினைத்துப் பார்க்க வேண்டும். சார்மெய்ன் ஜேம்ஸ் 1984 முதல் 1993 வரை தொடர்ந்து பத்து முறை உலகப் பட்டம் வென்றது அந்தக் குதிரையின் மேல்தான். 1985-இல் லாஸ் வேகஸில் நடந்த நேஷனல் ஃபைனல்ஸ் ரோடியோவின் ஒரு சுற்றில் அதன் தலைக்கடிவாளம் கழன்றுபோனது. ஸ்கேம்பர் அப்படியே மூன்று பீப்பாய்களையும் சுற்றி அந்தச் சுற்றை வென்றது. கோடும் ரேட்டும் திருப்பமும் குதிரைக்குள் பதிந்திருந்தன, சார்மெய்னின் இருக்கையும் காலும் எடையும் மீதியைச் சொல்லின.

மண்ணும் வீடியோவும்

கெட்டியான அடித்தளத்தின் மேல் 3 முதல் 4 அங்குலம் உழுத, ஈரப்பதமுள்ள மண் திருப்பத்துக்கு ஏற்றது. உழுத ஆழம் அதைவிடக் குறைந்து தரை பாறைபோல் இறுகியிருந்தால் குதிரை வழுக்கும். ஆழம் கூடினால் தசைநார் இழுபடும். பலர் ஓடிய பின் பீப்பாயைச் சுற்றிப் பள்ளம் விழும். அப்போது பள்ளத்தின் விளிம்பில் ஓடாமல், அரை அடி வெளியே புது மண்ணில் பாக்கெட்டை நகர்த்திக்கொள்ளுங்கள். ஒருமுறை வழுக்கி விழுந்த குதிரை அந்தத் திருப்பத்தை நீண்ட நாள் நம்பாது. மண் மோசமென்று தெரிந்தால் அன்று வேகத்தைக் குறைத்து ஓட்டுவது நஷ்டமில்லை, ஓடாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்புவதும் நஷ்டமில்லை.

பயிற்சியை வீடியோ எடுக்கும்போது பக்கவாட்டில் நின்று எடுப்பதைவிட, முதல் பீப்பாய்க்கு நேர் பின்னால், வேலிக்கு வெளியே நின்று, கேமராவை நோக்கி நீங்கள் வருவதை எடுக்கச் சொல்லுங்கள். அந்தக் கோணத்தில்தான் பாக்கெட்டின் அகலமும், தோள் சாய்வதும், உங்கள் உள்பக்கத் தோள் கவிழ்வதும் தெளிவாகத் தெரியும். வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்து மூன்று இடங்களில் நிறுத்துங்கள். நீங்கள் சேணத்தில் உட்கார்ந்த கணம், உங்கள் முழங்கால் பீப்பாய்க்கு நேரே வந்த கணம், குதிரையின் பின்பகுதி பீப்பாயைக் கடந்த கணம். முதல் படத்தில் குதிரையின் உடம்பு நேராகவும் பின்கால்கள் வயிற்றடியிலும் இல்லாவிட்டால், மற்ற இரண்டு படங்களையும் அன்று பார்க்க வேண்டாம். மறுநாள் பயிற்சியை 12 அடி அடையாளத்திலிருந்து தொடங்குங்கள்.